வழியில் நிற்க ஓர் இடம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களைக் காரில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. சென்ற ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் அது நிறைவேறியது. ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டாவில் பெரியப்பாவின் குடும்பம் பல ஆண்டுகளாக வசிக்கிறது. நாங்கள் சிங்கப்பூரிலிருந்து அங்குச் சென்று, அவர்களோடு சேர்ந்து எட்டு நாள் பயணம் செய்தோம். அவற்றுள் மூன்றாம் நாளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அன்று அட்லாண்டாவிலிருந்து புறப்பட்டு, அலபாமா மாநிலத்தின் தலைநகரான மான்ட்கோமரி வழியாகச் செல்மா என்ற சிறு நகரத்திற்குச் சென்றோம். கடற்கரையில் கழித்த மற்ற நாள்களும் இனிமையாகத்தான் இருந்தன. ஆனால், அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை.

பெரியம்மா விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிட்டார். புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், அவித்த முட்டை, ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தயிர்ச்சோறு என்று சமையலறையே மணத்தது.

“வழியில்தான் எத்தனையோ கடைகள் இருக்கின்றனவே, அக்கா. உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்?” என்று அம்மா கேட்டார்.

“இரண்டு நாளாகக் கடைச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டோம். பிள்ளைகளுக்கு நாக்கு செத்துப் போயிருக்கும். இன்றைக்கு நம் வீட்டுக் கட்டுச்சோறுதான்,” என்றார் பெரியம்மா.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மான்ட்கோமரிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். 85ஆம் எண் நெடுஞ்சாலை தென்மேற்காக நீண்டு கிடந்தது. வழியில் சாலைக் கட்டணச் சாவடி ஒன்றுகூட இல்லை. இருபுறமும் செம்மண் மேடுகளும் ஊசியிலை மரக்காடுகளும் மாறி மாறி வந்தன. சில இடங்களில் மரங்கள், மின்கம்பங்கள், பாழடைந்த வீடுகள் என எல்லாவற்றையும் ஒரே பச்சைக் கொடி போர்வைபோல் மூடியிருந்தது. அதன் பெயர் குட்ஸு. ஜப்பானிலிருந்து வந்த கொடி. மண்ணரிப்பைத் தடுப்பதற்காக 1930களில் அரசாங்கமே அதை நடும்படி உழவர்களை ஊக்குவித்ததாம். மண்ணைக் காக்க வந்த கொடி இப்போது காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கிறது.

என் தம்பிக்கு வயது பதினொன்று. காரில் ஏறியதும் தண்ணீர் குடிப்பான். அரை மணி நேரம் கழித்து வண்டியை நிறுத்தச் சொல்வான். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் வழியில் உள்ள ஓய்வுப் பகுதிகள் அனைத்தும் அவனுக்காகவே கட்டப்பட்டவை என்று அப்பா கேலி செய்வார். அன்றும் அப்படித்தான். அலபாமா மாநில எல்லையைத் தொடுவதற்குள் இரண்டு பெட்ரோல் நிலையங்களில் நிறுத்திவிட்டோம்.

எல்லையைத் தாண்டியதும் எங்கள் கைப்பேசிகளில் மணி ஒன்பதிலிருந்து எட்டுக்குப் பின்னால் போனது. ஜார்ஜியாவும் அலபாமாவும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பதே காரணம். “ஒரு மணி நேரம் இலாபம்!” என்று தம்பி கைதட்டினான். எல்லைக்கு அருகிலேயே பயணிகளுக்கான வரவேற்பு நிலையம் ஒன்று இருந்தது. சுத்தமான கழிவறைகள், மர நிழலில் மேசைகள், இலவச வரைபடங்கள் என எல்லாம் இருந்தன. அங்கே அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். ஜூன் மாத வெயிலும் புழுக்கமும் நம் ஊரை நினைவூட்டின.

சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா காரிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வந்து தம்பியிடம் கொடுத்தார். அது ஒரு பழைய நூலின் மறுபதிப்பு. தம்பி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தான். மாநிலத்தின் பெயர், அதன்கீழ் ஊரின் பெயர், அதன்கீழ் முகவரிகள். அவ்வளவுதான்.

“தொலைபேசிப் புத்தகம் மாதிரி இருக்கிறதே, பெரியப்பா!”

“ஒருவகையில் அப்படித்தான். இதன் பெயர் ‘கிரீன் புக்’. இதை வெளியிட்டவர் விக்டர் ஹியூகோ கிரீன். நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த தபால்காரர். 1936இல் தொடங்கி 1960களின் நடுப்பகுதிவரை இந்த நூல் வந்தது. உலகப் போர்க் காலத்தில் மட்டும் சில ஆண்டுகள் நின்றிருந்தது. கறுப்பினக் குடும்பங்கள் காரில் வெளியூர் போகும்போது இதைக் கையோடு எடுத்துச் செல்வார்கள்.”

“எதற்கு?” என்று நான் கேட்டேன்.

“எந்த இடத்தில் நிற்கலாம் என்று தெரிந்துகொள்வதற்கு.”

பெரியப்பா விளக்கிச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு அது புரிந்தது. அக்காலத்தில் தென் மாநிலங்களில் ‘ஜிம் குரோ’ சட்டங்கள் என்று அழைக்கப்பட்ட இன ஒதுக்கல் சட்டங்கள் நடப்பில் இருந்தன. பள்ளி, பேருந்து, இரயில், மருத்துவமனை, தண்ணீர்க் குழாய் என அனைத்திலும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு மற்றொன்று. பேருந்திலும் இரயிலிலும் அனுபவித்த அவமானத்திலிருந்து தப்பிப்பதற்காகவே பலர் கடன்பட்டாவது கார் வாங்கினார்கள். சொந்தக் காரில் எந்த இருக்கையில் உட்கார்வது என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா? ஆனால், கார் ஓடிக்கொண்டே இருக்க முடியாது. பெட்ரோல் போட வேண்டும். பசித்தால் சாப்பிட வேண்டும். இரவானால் எங்காவது படுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். சில பெட்ரோல் நிலையங்களில் பெட்ரோல் விற்பார்கள். கழிவறைக் கதவைத் திறக்கமாட்டார்கள். உணவகத்தில் உள்ளே உட்கார முடியாது. விடுதியில் அறை காலியாக இருந்தாலும் இல்லை என்பார்கள். ஆகவே, கூடுதல் பெட்ரோல், உணவு, போர்வை, தலையணை, கழிவறைக்காக ஒரு வாளி ஆகியவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள் உண்டு.

“கழிவறைக்கு அவசரமாக வந்தால்?” என்று தம்பி கேட்டான். அவனுக்கு அதுதான் முதல் கவலை.

“காட்டோரமாக வண்டியை நிறுத்துவார்கள்.”

“பெண்களுமா?” என்று அம்மா கேட்டார்.

“எல்லாரும்தான்,” என்றார் பெரியப்பா.

அம்மா வேறெதுவும் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் கறுப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்த ஊர்களும் நாட்டில் இருந்தன. அத்தகைய ஊர்கள் தெற்கைவிட வடக்கிலும் நடுப்பகுதியிலும்தான் மிகுதி என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இப்படிப்பட்ட நிலையில் ஒரு முகவரிப் புத்தகத்தின் மதிப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். எந்த ஊரில் எந்த உணவகம் ஏற்றுக்கொள்ளும், எந்த முடிதிருத்தகம் கதவைத் திறக்கும், எந்தக் குடும்பம் தன் வீட்டு அறை ஒன்றை இரவு தங்குவதற்கு வாடகைக்குக் கொடுக்கும் என்ற விவரங்களைக் கிரீன் திரட்டினார். பயணம் செய்த வாசகர்களும் தங்களுக்குத் தெரிந்த இடங்களை அவருக்கு எழுதி அனுப்பினார்கள். இந்த வழிகாட்டிக்குத் தேவையே இல்லாத ஒரு நாள் வரும், அன்று இதை நிறுத்திவிடுவோம் என்று அதன் முன்னுரையில் எழுதப்பட்டிருந்தது. தன் வியாபாரம் நின்றுபோக வேண்டும் என்று விரும்பிய பதிப்பாளரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. 1960இல் கிரீன் காலமானார். அந்த நாளை அவர் பார்க்கவில்லை.

மீண்டும் காரில் ஏறியதும் பெரியப்பா இன்னொரு பயணத்தைப் பற்றிச் சொன்னார். 1951ஆம் ஆண்டு கோடை விடுமுறை. அலபாமாவின் பைக் வட்டாரத்தைச் சேர்ந்த ஓர் உழவர் வீட்டுப் பையன், தன் மாமாவோடு காரில் வடக்கே நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்திற்குப் புறப்பட்டான். அவன் பெயர் ஜான் லூயிஸ். அப்போது அவனுக்கு வயது பதினொன்று.

“என் வயது!” என்றான் தம்பி.

வீட்டுப் பெண்கள் கோழி பொரித்து, ரொட்டித் துண்டுகளையும் இனிப்புகளையும் பெட்டிகளில் அடுக்கிக் கொடுத்தார்கள். தென் மாநிலங்களைத் தாண்டும்வரை வழியில் எந்த உணவகத்திலும் அவர்கள் உட்கார முடியாது. மாமா அந்தப் பாதையில் ஏற்கனவே சென்று வந்தவர். எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கறுப்பினத்தவருக்குக் கழிவறை உண்டு, எதை நிற்காமல் தாண்டிவிட வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அதற்கேற்பவே அவர் வண்டியை ஓட்டினார். ஒஹாயோ மாநிலத்திற்குள் நுழைந்த பிறகுதான் காரில் இருந்தவர்களின் இறுக்கம் தளர்ந்தது. பஃபலோவில் உறவினர் வீட்டின் இரு பக்கமும் வெள்ளையர் குடும்பங்கள் வசிப்பதைக் கண்டு சிறுவன் திகைத்துப் போனான். லூயிஸ் பெரியவரான பின் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

எங்கள் காரின் பின்பகுதியில் மீதித் தயிர்ச்சோறு குளிர்பெட்டியில் இருந்தது. நாங்கள் அதை நாக்குக்காக எடுத்து வந்தோம். அந்தச் சிறுவனின் வீட்டில் பெட்டி கட்டியதற்குக் காரணம் வேறு.

“இந்த நிலை எப்போது மாறியது?” என்று நான் கேட்டேன்.

“சட்டப்படி மாறியது 1964 ஜூலை 2ஆம் தேதி. அன்றுதான் குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது. விடுதி, உணவகம், திரையரங்கு போன்ற பொது இடங்களில் இனத்தைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது என்று அது சொன்னது. உடனே ஒரு விடுதிக்காரர் வழக்குத் தொடுத்தார். எங்கே தெரியுமா? நம் அட்லாண்டாவில்தான்.”

அந்த விடுதியின் பெயர் ‘ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல்’. 216 அறைகள். விடுதி தம் சொந்தச் சொத்து, யாருக்கு அறை கொடுப்பது என்பது தம் விருப்பம் என்று உரிமையாளர் வாதாடினார். 1964 டிசம்பர் 14ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த விடுதியில் தங்குவோரில் பெரும்பாலோர் வெளிமாநிலப் பயணிகள். அறை மறுக்கப்பட்டால் மக்கள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்திற்குச் செல்வதே தடைப்படும். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு உண்டு. ஆகவே, சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். பயணத்தில் ஒருவருக்கு இரவு படுக்க இடம் வேண்டும் என்ற எளிய செய்திதான் அந்த வழக்கின் அச்சாணி.

வழியில் டஸ்கிகி என்ற ஊர் வந்தது. புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் தொடங்கிய புகழ்பெற்ற கல்விக்கூடம் அங்குதான் இருக்கிறது. வேர்க்கடலையைப் பற்றி ஆராய்ந்த அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பணியாற்றியதும் அங்கேதான். நாங்கள் அங்கு அதிக நேரம் நிற்கவில்லை. ஆனால், சாலையோரத்தில் ஒருவர் பெரிய பானையில் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். தோலோடு உப்புப் போட்டு அவித்தது. நம் வீட்டில் அவிப்பதைப் போலவே இருந்தது. இரண்டு பொட்டலங்கள் வாங்கினோம். மான்ட்கோமரி வருவதற்குள் காலியாகிவிட்டது.

மான்ட்கோமரி அமைதியான நகரம். அகலமான தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைவு. 1955 டிசம்பர் 1ஆம் தேதி மாலை, இந்த நகரத்துப் பேருந்து ஒன்றில்தான் ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண்மணி, வெள்ளையர் ஒருவருக்காகத் தம் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அதைக் கண்டித்து நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, 381 நாள்கள்! நம் பாடநூல்களில் இந்தச் செய்தியைப் படித்திருப்பீர்கள். ஆனால், அத்தனை நாள்களும் மக்கள் எப்படி வேலைக்குப் போனார்கள் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பலர் நடந்தார்கள். மற்றவர்களுக்காகச் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் தினமும் காலையிலும் மாலையிலும் குறித்த இடங்களில் ஆள்களை ஏற்றி இறக்கினார்கள். இப்படி ஏறத்தாழ 300 கார்கள் ஓடின. தேவாலயங்கள் தங்கள் பெயரில் பெரிய கார்களை வாங்கி ஓட்டின. உள்ளூர்க் காப்புறுதி நிறுவனங்கள் அந்தக் கார்களுக்குக் காப்புறுதியை நிறுத்தியபோது, இலண்டனிலிருந்து காப்புறுதி பெற்றார்கள். தீரம் மட்டும் போதாது, கணக்கு வழக்கும் நேர அட்டவணையும் வேண்டும் என்று அப்பா சொன்னார். அவர் கணக்காளர், அப்படித்தான் சொல்வார்.

அந்தப் போராட்டத்திற்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங், அப்போது 26 வயது இளைஞர். அவர் போதகராக இருந்த செங்கல் தேவாலயம் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திற்கு மிக அருகில் இருக்கிறது. அதன் படிகளில் அமர்ந்திருந்தபோது பெரியம்மா ஒரு செய்தி சொன்னார். 1959இல் கிங் இந்தியாவிற்குச் சென்று கன்னியாகுமரிவரை பயணம் செய்தாராம். கேரளாவில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குச் சென்றபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்த கிங், பிறகு அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் ஒரு சொற்பொழிவில் கூறியிருக்கிறார்.

“நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் 1924இல் போராட வேண்டியிருந்ததே. பெரியார் சிறைக்குப் போனது அதற்காகத்தானே?” என்றார் அப்பா. பெரியம்மா தலையசைத்தார்.

அருகிலேயே பழைய பேருந்து நிலையம் ஒன்று இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளின் நிலையங்களில் இன ஒதுக்கல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் தென் மாநிலங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கவே 1961இல் வெள்ளையரும் கறுப்பினத்தவருமான இளையர்கள் ஒன்றாகப் பேருந்தில் ஏறிப் பயணம் செய்தார்கள். மே மாதம் 20ஆம் தேதி அவர்கள் இந்த நிலையத்தில் இறங்கியபோது ஒரு கும்பல் காத்திருந்தது. தடிகளாலும் குழாய்களாலும் அடித்தார்கள். ஓர் இளைஞரின் தலையில் மரப்பெட்டியால் அடித்தார்கள். அவர் நினைவிழந்து தரையில் விழுந்தார். அந்த இளைஞர்தான் ஜான் லூயிஸ். பத்தாண்டுகளுக்கு முன் மாமாவின் காரில் எங்கும் நிற்க முடியாமல் போன அதே பையன். அந்த ஆண்டு நவம்பரில் நாடு முழுவதும் பேருந்து நிலையங்களிலிருந்து இன ஒதுக்கல் பலகைகளை அகற்றும் ஆணை நடப்புக்கு வந்தது.

பிற்பகலில் 80ஆம் எண் சாலையில் செல்மாவை நோக்கிச் சென்றோம். மான்ட்கோமரியிலிருந்து செல்மா 87 கிலோமீட்டர். சிங்கப்பூரின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1965 மார்ச் மாதத்தில், வாக்குரிமை கேட்டு மக்கள் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு இதே சாலையில் ஐந்து நாள் நடந்தார்கள். நாங்கள் அவர்கள் நடந்த பாதையில் எதிர்த்திசையில் போனோம். ஆகவே, கதையின் முடிவுதான் எங்களுக்கு முதலில் வந்தது.

பாதி வழியில், லௌண்டஸ் வட்டாரத்தில், தேசியப் பூங்காத் துறையின் விளக்க மையம் ஒன்று இருக்கிறது. அந்த வட்டாரத்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் கறுப்பினத்தவர். ஆனால், 1965இன் தொடக்கத்தில் அவர்களுள் ஒருவரது பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. புதிய சட்டம் வந்த பிறகு பெயரைப் பதிந்துகொண்ட குத்தகை உழவர்களை நில உரிமையாளர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். போக்கிடம் இல்லாத குடும்பங்கள் சாலையோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கின. சில குடும்பங்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அப்படி வாழ்ந்தன. அவர்கள் கூடாரம் போட்டிருந்த இடத்தில்தான் அந்த மையம் கட்டப்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூடாரத்திலிருந்துதான் பள்ளிக்குப் போனார்களா என்று தம்பி கேட்டான். ஆம் என்றார் பெரியப்பா.

செல்மாவுக்குச் சென்று சேர்ந்தபோது மணி நான்கு. பல கடைகள் மூடிக்கிடந்தன. வண்ணம் உதிர்ந்த சுவர்கள். வரலாற்றுப் புகழ் ஓர் ஊருக்கு வேலைவாய்ப்பைக் கொண்டுவந்துவிடாது என்பது அந்தத் தெருவைப் பார்த்தாலே தெரிந்தது. வெயில் தாழும்வரை காத்திருந்து, ஐந்தரை மணியளவில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் நடக்கத் தொடங்கினோம். 1940இல் கட்டப்பட்ட எஃகுப் பாலம். கீழே அலபாமா ஆறு கலங்கிய பழுப்பு நிறத்தில் ஓடியது. பாலத்திற்குப் பெயர் கொடுத்த பெட்டஸ், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி. பெயர் இன்றும் மாறவில்லை.

இந்தப் பாலத்தின் நடுப்பகுதி உயர்ந்திருக்கிறது. ஊர்ப்பக்கத்திலிருந்து நடப்பவர்களுக்கு, உச்சியை எட்டும்வரை மறுகரை தெரியாது. படங்களில் பார்த்தபோது இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நடந்தபோதுதான் புரிந்தது. 1965 மார்ச் 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 600 பேர் இருவர் இருவராக இந்த ஏற்றத்தில் அமைதியாக நடந்து வந்தார்கள். சில நாள்களுக்கு முன், அருகிலுள்ள மேரியன் என்ற ஊரில் நடந்த ஊர்வலத்தின்போது மாநிலக் காவலர் சுட்டதில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞர் இறந்திருந்தார். அதற்கு நியாயம் கேட்டும் வாக்குரிமை கேட்டும்தான் இந்த நடை. முன்வரிசையில் தோள்பையோடு நடந்தவர் 25 வயது ஜான் லூயிஸ். உச்சிக்கு வந்தபோதுதான் கீழே சாலையை அடைத்துக்கொண்டு நின்ற காவலர்களை அவர்கள் கண்டார்கள். திரும்பிப் போகச் சொன்னார்கள். யாரும் திரும்பவில்லை. அடுத்த சில நிமிடங்களில் கண்ணீர்ப்புகையும் தடியடியும். குதிரைகளில் வந்தவர்கள் கூட்டத்தை ஊருக்குள் விரட்டினார்கள். லூயிஸின் மண்டையோட்டில் விரிசல் விழுந்தது.

அன்றிரவே நாடு முழுவதும் மக்கள் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். மார்ச் 21ஆம் தேதி நீதிமன்றத்தின் அனுமதியோடும் படை வீரர்களின் பாதுகாப்போடும் மீண்டும் நடை தொடங்கியது. 25ஆம் தேதி மான்ட்கோமரியை அடைந்தபோது கூட்டம் ஏறத்தாழ 25,000ஆகப் பெருகியிருந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

தம்பி பாலத்தின் உச்சியில் நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான்.

“இங்கே வந்த பிறகு ஓடிப் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காதா, பெரியப்பா?”

“தோன்றியிருக்கும். பக்கவாட்டில் பார். ஆறுதான். எங்கே ஓடுவது?”

பெரியம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். மறுகரையில் சிறிய நினைவுப் பூங்கா ஒன்று இருக்கிறது. பெரியப்பா 2020ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். ஜான் லூயிஸ் பின்னாளில் அட்லாண்டாவின் நாடாளுமன்ற உறுப்பினராகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். அந்த ஆண்டு ஜூலையில் அவர் காலமானபோது, அவருடைய உடலைக் குதிரை வண்டியில் வைத்து இந்தப் பாலத்தைக் கடக்கச் செய்தார்கள். வழியெங்கும் ரோஜா இதழ்கள் தூவப்பட்டிருந்தன. 1965இல் மாநிலக் காவலர்கள் தடியோடு நின்ற மறுகரையில், அதே காவல் படையினர் நின்று அவருக்கு மரியாதை வணக்கம் செலுத்தினார்கள். பெரியப்பா அதை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தாராம். எத்தனையோ இறுதி ஊர்வலங்களைப் பார்த்திருந்தாலும், அன்று மட்டும் தம்மால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்றார்.

மீதித் தயிர்ச்சோற்றை ஆற்றங்கரையில் சாப்பிட்டுவிட்டு, ஏழரை மணிக்கு மான்ட்கோமரிக்குத் திரும்பினோம். இப்போது நடந்தவர்களின் திசையிலேயே போனோம். அவர்கள் ஐந்து நாளில் கடந்த தூரம் எங்களுக்கு ஒரு மணி நேரம். தம்பி பின்னிருக்கையில் தூங்கிவிட்டான்.

லௌண்டஸ் வட்டாரத்தில், சாலையோர மேட்டில், வேலியிட்ட ஒரு கல் தெரிந்தது. பெரியப்பா வேகத்தைக் குறைத்தார். வயோலா லியூசோ என்ற பெண்மணியின் நினைவுக்கல் அது. டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்த வெள்ளையர். ஐந்து பிள்ளைகளின் தாய். நடைப்பயணத்திற்கு உதவுவதற்காகத் தம் காரை அவ்வளவு தொலைவிலிருந்து தாமே ஓட்டி வந்தவர். 1965 மார்ச் 25 இரவு, நடந்து களைத்தவர்களைச் செல்மாவில் இறக்கிவிட்டு, இன்னும் சிலரை ஏற்றி வருவதற்காக மான்ட்கோமரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இன்னொரு கார் விரட்டி வந்தது. அதிலிருந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 39.

அம்மா சன்னல் கண்ணாடியை இறக்கி அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே வந்தார். பொழுது சாய்ந்துவிட்டது. இருபுறமும் வயல்வெளி இருண்டுகொண்டிருந்தது. பெரியப்பா காரின் முன்விளக்குகளைப் போட்டார். மான்ட்கோமரிக்கு இன்னும் சற்றேறக்குறைய முப்பது கிலோமீட்டர் இருந்தது.